தமிழ் இசைத்தட்டுகள் குறுந்தகட்டுக்கு மாறிய வரலாறு

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906-ல் பிறந்து 1933 டிசம்பரில், 27 வயதில் காலமானார். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-லேயே வெளிவந்துவிட்டது. ஆனாலும் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. நாடக மேடையில் அவர் பாடியதைக் கேட்டு மயங்கிய தலைமுறையும் மறைந்துவிட்டது. இன்று அவர் குரல் என்று கேட்கக் கிடைப்பது, அரக்குக் கலவையில் அச்சிட்ட சில இசைத்தட்டுகளில் உள்ளது மட்டுமே. அந்தத் தட்டுகளிலிருந்து யாரோ ஒருவர் ஒலியை எடுத்துக் கணினிக்கும் குறுந்தகட்டுக்கும் மாற்றியதால்தான் இன்றைய மாணவர் ஒருவரால் அதைக் கேட்க முடிகிறது.

இப்படி மாற்றும் வேலைக்கு எண்ணிமமாக்கம் என்று பெயர். நகலெடுப்பது போன்ற எளிய வேலையாக இது தோன்றும். உண்மையில், தட்டு எந்த வேகத்தில் சுழல வேண்டும், எந்த ஊசி பள்ளத்தில் இறங்க வேண்டும், எது இரைச்சல், எது இசை என்று மாற்றுபவர் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தே பாடகரின் குரல் அமைகிறது. தமிழ் இசைத்தட்டுகளின் வரலாற்றை அறியாமல் அந்த முடிவுகளைச் சரியாக எடுக்க முடியாது.

அரக்குத் தட்டின் காலம்

எமில் பெர்லினர் 1887-ல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1902-ன் இறுதியில், கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெடெரிக் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் குரல்களைப் பதிவு செய்தார். அவற்றுள் கௌஹர் ஜானின் பதிவுகள் பெரும்புகழ் பெற்றன. பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய், அங்கே தட்டுகளாக அச்சாகி இந்தியாவுக்குத் திரும்பி வந்தன. 1908-ல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகே இங்கு அச்சிடுதல் தொடங்கியது. 1928-ல் அது டம்டமுக்கு மாறியது.

அக்காலத் தட்டு அரக்கு, கற்பொடி, கரித்தூள், பஞ்சுத்தூள் ஆகியவற்றைக் கலந்து செய்தது. உலகின் அரக்குத் தேவையில் பெரும்பகுதியை இந்தியாவே கொடுத்தது. இங்கிருந்து அரக்காகப் போனதுதான் பாட்டாகத் திரும்பி வந்தது என்று சொன்னால் தவறில்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பாடலாம். பன்னிரண்டு அங்குலத் தட்டில் நான்கு நிமிடத்துக்கு மேல். கச்சேரியில் அரைமணி நேரம் விரியும் ராகத்தை இந்த இடத்துக்குள் அடக்கப் பாடகர்கள் கற்றுக்கொண்டார்கள்.

தென்னிந்தியப் பதிவுகள் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தொடங்கிவிட்டன. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற பெண் கலைஞர்களே முதல் காலகட்டத்தின் முக்கியக் குரல்கள். தாயியின் பாடல் பிரான்ஸ் வரை சென்றது. இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் எழுதிய ‘ராகமாலிகா’ என்ற, குரலுக்கும் பியானோவுக்குமான படைப்பு அவருடைய இசைத்தட்டை அடியொற்றியது. சபைகளும் விமரிசகர்களும் இவர்களைப் பற்றி அதிகம் எழுதி வைக்கவில்லை. இவர்களுக்குத் தட்டுகளே சான்று.

1925-க்குப் பின் ஒலிவாங்கியைக் கொண்டு மின்வழியில் பதிவு செய்யும் முறை பரவியது. அதுவரை பாடகர் ஒரு பெரிய தகரக் குழலின் வாயருகே நின்று உரக்கப் பாடவேண்டியிருந்தது. புதிய முறையில் மெல்லிய ஒலிகளும் பதிந்தன. தமிழில் இசைத்தட்டு வணிகம் பெருகியதும் இதை ஒட்டிய ஆண்டுகளில்தான். நாடகப் பாடல்கள் ஆயிரக்கணக்கில் விற்றன. புராண நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட ‘செட்’களாக வந்தன. காந்தியைப் பற்றியும் விடுதலைப் போராட்டத்தைப் பற்றியும் பாடிய தட்டுகளும் வெளிவந்தன. தியடோர் பாஸ்கரன், ஸ்டீபன் ஹியூஸ் போன்ற ஆய்வாளர்கள் இக்காலத்தைப் பற்றி எழுதியுள்ளனர். தமிழ் சினிமா பாட்டோடு பிறந்ததற்கு, அதற்கு முன்பே இசைத்தட்டு உருவாக்கியிருந்த சந்தை ஒரு முக்கியக் காரணம் என்பது ஹியூஸின் ஆய்வில் வெளிப்படும் கருத்து.

ஏ.வி. மெய்யப்ப செட்டியாரின் வாழ்க்கையே இதற்கு நல்ல உதாரணம். ஏவி.எம். படநிறுவனத்துக்கு முன்பே அவர் கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தினார். ஜெர்மானிய நிறுவனமான ஓடியனின் தட்டுகளைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தென்னிந்தியாவில் வெளியிட்டது. 1930களில் சென்னையில் பதிவான ஓடியன் தட்டுகள் அக்காலத் தமிழ் இசைக்கும் நாடகத்துக்கும் பெரிய களஞ்சியம். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தோடு அந்த வெளியீடு நின்றுபோனது.

தேய்ந்ததும் தொலைந்ததும்

அரக்குத் தட்டில் கற்பொடி கலந்திருந்ததற்குக் காரணம் உண்டு. எஃகு ஊசி சில சுற்றுகளிலேயே தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்குப் பொருந்திவிட வேண்டும் என்பதற்காகவே அது சேர்க்கப்பட்டது. ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும் என்பது விதி. வீடுகளில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. தேய்ந்த ஊசி பள்ளத்தைச் சிதைத்தது. ஆகவே, மக்கள் மிகவும் விரும்பிக் கேட்ட பாட்டின் தட்டே இன்று மிக மோசமான நிலையில் கிடைக்கிறது. யாரும் அதிகம் கேட்காத தட்டு புதிது போல இருக்கிறது.

கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்ட சவுண்ட் சர்வீஸ்காரர்கள் இதில் தனி அத்தியாயம். தமிழக ஊர்களில் இசைத்தட்டு சொந்தமாக இல்லாத பெரும்பான்மையோர் பாட்டுக் கேட்டது அவர்கள் வழியாகத்தான். 1950களிலும் 60களிலும் வினைல் என்ற நெகிழிப்பொருளில் செய்த, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. தட்டுகள் மெல்ல மெல்லப் பரவின. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஒலி கிடைத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் எச்.எம்.வி. எல்.பி.யாக வந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் கதைவசனத் தட்டுகளைத் திருவிழா இரவுகளில் போட்டார்கள். அந்தத் தட்டுகளைக் கேட்டே வசனத்தை மனப்பாடமாகச் சொன்னவர்கள் ஏராளம்.

1980களில் கேசட் வந்து இசைத்தட்டை ஓரங்கட்டியது. சவுண்ட் சர்வீஸ்காரர்களும் வீட்டுக்காரர்களும் தட்டுகளை எடைக்குப் போட்டனர். சென்னையில் பழைய தட்டுகளுக்குப் பெயர்பெற்ற இடம் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட். 1985-ல் அது தீயில் அழிந்தது. கடைகள் பக்கத்திலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. மூர் மார்க்கெட்டிலும் அதுபோன்ற பழைய சாமான் கடைகளிலும் தட்டுகளைத் தேடி வாங்கிய தனி ஆர்வலர்கள் இல்லாவிட்டால், பிற்கால எண்ணிமமாக்கத்துக்கு மூலப்பொருளே இருந்திருக்காது. சென்னையைச் சேர்ந்த வி.ஏ.கே. ரங்காராவ் சேர்த்த பல்லாயிரம் தட்டுகள் இவ்வகைத் தொகுப்புகளில் மிகவும் அறியப்பட்டவை.

குறுந்தகடு

பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1982-ல் குறுந்தகட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒலியலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுவதே அதன் அடிப்படை. இரண்டு தடங்களுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஏறத்தாழ 10 மெகாபைட் ஆகும். 74 நிமிடக் குறுந்தகட்டில் பழைய பத்து அங்குலத் தட்டுகளின் 22 பக்கங்கள் அடங்கும். ஒரு பெட்டி நிறையத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு அது வியப்பாகத்தான் இருந்திருக்கும்.

2000-க்கு அருகே கணினியில் குறுந்தகடு எழுதும் கருவி வீடுகளுக்கு வந்தபோது இந்த வேலை நிறுவனங்களின் கையிலிருந்து தனிமனிதர் கைக்கு இறங்கியது. ஒலியைத் திருத்த உதவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் வெளிவந்ததும் 2000-ல்தான். இசைத்தட்டுச் சுழற்றி, அதன் மெல்லிய மின்குறிப்பைப் பெருக்கும் முன்பெருக்கி, கணினி, வெற்றுக் குறுந்தகடு ஆகியவை போதும். காந்தத் தலை கொண்ட சுழற்றி தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான். முன்பெருக்கி இல்லாமல் நேரடியாகக் கணினியில் சொருகிவிட்டு, ஒலி கீச்சென்றும் மெலிந்தும் வருகிறதே என்று குழம்பாதவர் இத்துறையில் குறைவு.

அதே காலத்தில் எம்.பி.3 வடிவமும் பரவியது. ஒலியைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்கிவிடும் முறை அது. ஒரே தகட்டில் 150 பாடல்கள் என்று நடைபாதைகளில் விற்ற குறுந்தகடுகளின் கணக்கு இதுதான். பழைய பாடல்கள் பலரைச் சென்றடைந்தது இவற்றால் என்பதை மறுக்க முடியாது. ஆனால் எந்தத் தட்டு, எந்த ஆண்டு, யார் பக்கவாத்தியம் என்ற குறிப்புகள் இவ்வழியில்தான் கழன்று விழுந்தன. இசைத்தட்டின் நடுவிலுள்ள காகிதத்தில் பாடகர், ராகம், தாளம், தட்டு எண் எல்லாம் இருக்கும். காகிதத்தை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பதிவெண் பொறித்திருக்கும். அவற்றைப் படமெடுக்காமல் ஒலியை மட்டும் எடுத்தால் பாதி வேலையே முடிந்திருக்கிறது.

வேகம், ஊசி, இரைச்சல்

அரக்குத் தட்டுகளை எல்லோரும் ‘எழுபத்தெட்டு’ என்றே அழைப்பார்கள். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பின்னால் நிலைபெற்ற அளவு. தொடக்க காலப் பதிவுகள் 70-க்குச் சற்று மேலிருந்து 80 வரை பல வேகங்களில் வெட்டப்பட்டன. 74 சுற்றில் பதிவான தட்டை 78-ல் ஓட்டினால் பாட்டு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் விரைவாகும். சுருதியும் ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். குரல் மெலிந்து, கமகம் அவசரப்பட்டு, பாடகரே வேறொருவர் போலத் தோன்றுவார்.

அந்தக் காலப் பாடகர்கள் எத்தனை கட்டையில் பாடினார்கள் என்பது தமிழ் இசை உலகில் இன்றும் ஓயாத விவாதம். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் உச்ச சுருதியில் பாடினார்கள் என்பது உண்மை. ஆனால் இசைத்தட்டைச் சான்று காட்டும்போது, அது சரியான வேகத்தில் ஓடியதா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். மின்வழிப் பதிவு வந்த பின் வேகம் 78-ஐ ஒட்டி நிலைத்துவிட்டதால் கிட்டப்பா காலத் தட்டுகளில் இந்தச் சிக்கல் குறைவு. அதற்கு இருபது ஆண்டு முந்தைய தட்டுகளில் அதிகம்.

இதைச் சோதிக்க ஒரு வழி பின்னணியில் ஒலிக்கும் ஆர்மோனியம். வயலினையும் தம்புராவையும் விரும்பிய சுருதிக்குக் கூட்டலாம். ஆர்மோனியத்தின் நாக்குகள் தொழிற்சாலையிலேயே சுருதி செய்யப்பட்டவை. பாட்டின் ஆதார சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ விழுகிறது என்றால், தட்டின் வேகத்தை ஐயப்பட இடமுண்டு. ஆர்மோனியத்தை வானொலி நிலையங்கள் பல ஆண்டுகள் விலக்கி வைத்திருந்தன. கர்நாடக இசை அறிஞர்கள் பலரும் அதை மதித்ததில்லை. அந்த வாத்தியமே பழைய பதிவுகளுக்குச் சாட்சியாக வந்து நிற்பது வேடிக்கைதான்.

அடுத்தது ஊசி. அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் முனை வேண்டும். எல்.பி.க்கு 25 மைக்ரான் அல்லது அதற்கும் கீழே. எல்.பி. ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியிலுள்ள குப்பையை உரசிக்கொண்டு ஓடும். அனுபவமுள்ளவர்கள் வெவ்வேறு அளவு ஊசிகளை மாற்றிப் பார்ப்பார்கள். பழைய எஃகு ஊசி தேய்க்காமல் விட்ட உயரத்தில் பள்ளத்தின் சுவரைத் தொடும் ஊசி அமைந்துவிட்டால், இறந்துபோனதாக எண்ணிய தட்டிலிருந்து தெளிவான குரல் எழும்.

சுத்தம் செய்வதிலும் பொருளறிவு தேவை. வினைல் தட்டுக்குப் பயன்படும் ஆல்கஹால் கலந்த திரவத்தை அரக்குத் தட்டில் ஊற்றினால் அரக்கு கரைந்து தட்டு பாழாகும். முன்பெருக்கியும் இப்படித்தான். அதற்குள் இருக்கும் ஒலிச் சமன்பாடு 1954-ல் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி அமைந்தது. அதற்கு முந்தைய தட்டுகளுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு அளவு இருந்தது. எனவே சமன்பாடு எதுவும் சேர்க்காமல் ஒலியை எடுத்துக்கொண்டு, பிறகு கணினியில் பொருத்தமானதைச் சேர்ப்பது நல்லது.

மிகுந்த சேதம் நேர்வது கடைசிக் கட்டத்தில்தான். இரைச்சலை நீக்கும் மென்பொருள் சொடுக்கு, பொரிதல், சீறல் ஆகியவற்றைக் கண்டுபிடித்து அழிக்கிறது. கீறலால் வரும் சொடுக்கை நீக்குவதால் இழப்பில்லை. தொடர்ந்து வரும் சீறலை முழுவதும் துடைக்க முயன்றால், அதே அலைவரிசையில் இருக்கும் மேலொலிகளும் சேர்ந்து போகின்றன. தம்புராவின் ரீங்காரம் மங்குகிறது. ‘ச’, ‘ஷ’ போன்ற எழுத்துகள் மழுங்குகின்றன. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இப்படித் துடைத்த நாகசுரத்தில் கேட்பதைவிட, சீறலோடு கேட்பது மேல். தொடக்க காலத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடகர் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் இருந்தது. எங்கோ தொலைவில் அச்சிடும் தொழிலாளர்களுக்கு அது யார் பதிவு என்று தெரிய வேண்டுமே! அந்த ஒரு வரியை வேண்டாத பேச்சு என்று வெட்டிவிட்டால், வரலாற்றுக்குத் தேவையான பெயரே போய்விடும்.

இதனால்தான் காப்பகங்கள் இரண்டு பிரதிகளை வைக்கின்றன. எதையும் நீக்காத மூலப்பிரதி ஒன்று. கேட்பதற்காகத் திருத்திய பிரதி மற்றொன்று. பன்னாட்டு ஒலிக் காப்பகங்களின் சங்கம் 2004-ல் வெளியிட்ட வழிகாட்டி, மூலப்பிரதிக்குக் குறுந்தகட்டின் அளவு போதாது என்கிறது. 24 பிட், நொடிக்கு 96,000 அளவு என்பது இன்று பரவலான நடைமுறை.

நிறுவனங்களும் உரிமையும்

இந்தியாவில் இவ்வேலைக்கு அமைப்பு வடிவம் கொடுத்ததில் 1990-ல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்துக்கு முக்கியப் பங்குண்டு. அதைச் சேர்ந்த சுரேஷ் சந்த்வண்கர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் ‘யங் இந்தியா’ தட்டுகளையும் ஓடியன் தட்டுகளையும் எண்ணிமமாக்கினார். ஓடியன் திட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. நிறுவனத்தின் மூல அச்சுகளைக் கொண்டு அல்ல, சேகரிப்பாளர்கள் வைத்திருந்த தட்டுகளைக் கொண்டே இது நடந்தது. பெங்களூரில் விக்ரம் சம்பத் தொடங்கிய ஆர்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்கும் அரக்குத் தட்டுகளை எண்ணிமமாக்கி இணையத்தில் கேட்கத் தந்தது. சென்னையில் 1980-ல் தொடங்கிய சம்பிரதாயா, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், மியூசிக் அகாதெமியின் டாக் எண்ணிமக் கேட்பகம் ஆகியவை இசை ஆர்வலர்கள் அறிந்த இடங்கள். வணிகப் பக்கத்தில், எச்.எம்.வி.யின் வாரிசான கிராமபோன் கம்பெனி 2000-ல் சரிகம என்று பெயர் மாறி, தன் பழைய பதிவுகளைக் குறுந்தகடாகவும் பின்னர் வேறு வடிவங்களிலும் விற்றது.

இசைத்தட்டில் பதியும் உரிமை எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்குப் பாரதியார் பாடல்களே சாட்சி. அவற்றை இசைத்தட்டாக்கும் உரிமை 1934-ல் சுரஜ்மல் நிறுவனத்தாரிடம் போனது. பிறகு மெய்யப்ப செட்டியார் அதை வாங்கினார். 1949-ல் அரசு பாரதியின் படைப்புரிமையைப் பெற்றபோது அவர் தம் பங்கை விட்டுக்கொடுத்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியுள்ளார்.

இன்றைய சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1964-ல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் அதிலுள்ள பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை தனி. அது அவர்கள் இறந்து 60 ஆண்டு வரை உண்டு. சொந்தமாக வைத்திருக்கும் தட்டைத் தாமே கேட்கக் குறுந்தகட்டுக்கு மாற்றிக்கொள்வதைத் தனிப்பட்ட பயன்பாடாகச் சட்டம் அனுமதிக்கிறது. 2012 திருத்தம் ஒன்று, வணிக நோக்கமில்லாத பொது நூலகங்கள் தம்மிடம் உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக எண்ணிம வடிவில் சேமிக்கவும் வழி செய்தது.

குறுந்தகட்டின் ஆயுள்

வீட்டில் எழுதும் குறுந்தகட்டில் தகவல் பதிவது ஒரு மெல்லிய சாயப் படலத்தில். வெயிலும் புழுக்கமும் அந்தச் சாயத்தை மங்கச் செய்கின்றன. சென்னையில் அவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் பலர் அக்கறையோடு எழுதி, உறையில் பாடல் பட்டியலும் ஒட்டி வைத்த தகடுகள் இன்று பல இடங்களில் பாதிப் பாட்டில் நின்றுவிடுகின்றன, அல்லது கணினியில் ஏறவே மறுக்கின்றன. குறுந்தகட்டுக்கு மாற்றியாயிற்று என்று தட்டுகளை விற்றுவிட்டவர்களுக்கு மீண்டும் தொடங்க வழியில்லை. விற்காதவர்கள் அதே அரக்குத் தட்டுகளைத் திரும்பவும் எடுத்துத் துடைத்து, இம்முறை வன்தட்டில் இரண்டு மூன்று பிரதிகளாகப் பதிந்துகொள்கிறார்கள்.

உடைந்த தட்டையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழுவினர் உருவாக்கிய முறையில் ஊசியே கிடையாது. தட்டின் பள்ளத்தை நுண்ணிய படமாக எடுத்து, படத்திலிருந்து ஒலியைக் கணக்கிடுகிறார்கள். துண்டுகளாகிவிட்ட தட்டையும் சேர்த்து வைத்துப் படிக்க அதனால் முடிகிறது.

தமிழ்நாட்டு வீடுகளின் பரணில் இன்னும் இசைத்தட்டுகள் கிடக்கின்றன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் எடை தாங்காமல் அடித்தட்டு வளையும், விரிசல் விடும். புத்தகங்களைப் போல நிறுத்தி வைப்பதே முறை.